ஐடா ஸ்கடர் அம்மையார்

இராணிப்பேட்டையில் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், அமெரிக்க மறைத்தொண்டர் குடும்பம் ஒன்றில் ஐடா ஸ்கடர் பிறந்தார். அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் மருத்துவர்கள். இளமையிற் கண்ட கொடும்பஞ்சம் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. எனவே, அமெரிக்காவிற் கல்வி பயின்ற அவர், இந்நாட்டில் வாழ்வதில்லை என்றே உறுதி பூண்டிருந்தார். தாயார் நோயுற்றதால், சிறிது காலம் துணையிருந்து திரும்பும் எண்ணத்துடன் திண்டிவனம் வந்தார்.

ஒருநாள் இரவு அந்தண இளைஞர் ஒருவர் வந்து, மகப்பேற்று வேதனையால் துடிக்கும் தம் மனைவியைக் காக்குமாறு வேண்டினார். ஐடா மருத்துவம் அறியாதவர். தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு கூறினார். அயல் ஆடவர் தம் மனைவியைப் பார்த்தலாகாது என்று மறுத்து இளைஞர் அகன்றார். அவ்விரவிலேயே இசுலாமியர் ஒருவரும், பின்னர் மற்றோர் இந்துவும் அவ்வாறே வந்தனர், அவ்வாறே சென்றனர். பொழுது புலர்ந்தபின், மூன்று பெண்களும் இறந்தனர் என்னும் செய்தி வந்தது. மருத்துவம் கற்று இங்கேயே திரும்பி வருவதாக ஐடா பெற்றோரிடம் தெரிவித்தார்.

அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்ற அவர், செல்வர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக அளித்த பத்தாயிரம் டாலருடன் 1900இல் வேலூரை அடைந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் மறைந்தார். தனித்து நின்ற அம்மையார் வீட்டின் ஒரு சிற்றறையில் மருத்துவம் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

ஒருவர் கைகள் எத்துணைப் பேருக்கு உதவும்? இந்நாட்டுப் பெண்களே மருத்துவராதல் வேண்டும் என அம்மையார் கருதினார். பெண்ணை எழுத்தறியச் செய்வதே அரிதாயிருந்த காலம் அது. மருத்துவம் பயில மாணவியர் வருவார்களா என்று மேலதிகாரிகளே ஐயுற்றனர். எனினும் 1918இல் பள்ளி திறக்கப்பட்டது. 1922இல் 14 மாணவியர் பயிற்சி முடித்து வெளிவந்தனர்.

பெருஞ்சோதனை பின்னரே நேர்ந்தது. இத்தகைய பள்ளிகள் இனி நடைபெறலாகாது, பல்கலைக்கழகத்துடன் இணைந்து எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பே நடத்த வேண்டும் என்று 1930களின் இறுதியில் அரசாங்கம் விதித்தது. அதற்கு மிகுதியான படுக்கைகளும், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்களும், ஆய்வுக்கூடங்களும் வேண்டியிருந்தன. பள்ளி மூடப்படும் நிலை. எழுபதை எட்டிய அம்மையார் அமெரிக்கா சென்று, ஊர் ஊராகப் பேசிப் பொருள் திரட்டினார். ஆடவரையும் சேர்த்தால் பல நாட்டுத் திருச்சபைகளின் துணை கிடைக்கும் என்ற யோசனை எழுந்தது. பெண்களுக்கென்றே பொருள் வழங்கிய பழைய தோழியருள் சிலர் இதை வன்மையாக எதிர்த்தனர். அவர்கள் மனம் நோவதை அறிந்தும் அம்மையார் உடன்பட்டார். அவர் வாழ்வில் இதைவிடக் கடினமான முடிவு வேறில்லை எனலாம். 1942இல் பட்டப்படிப்பிற்கு இசைவு கிடைத்தது. 1947இல் ஆடவரும் சேர்ந்தனர்.

1960 மே 24ஆம் நாள் அம்மையார் கொடைக்கானலில் இயற்கை எய்தினார். கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனை பின்னர் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட படுக்கைகளுடன் பெருகியது. அவர் முதலில் எழுப்பிய 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, அக்கல்லூரியின் கண் மருத்துவப் பிரிவாயிற்று.