லாருட் மந்திரி ஙா இப்ராஹிம்



நம் முன்னோர் இராமநாதபுரம், தஞ்சாவூர், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள். அங்கிருந்து கிரியான் ஆற்றைக் கடந்து பாரிட் புந்தாருக்கு வந்து கடை வைத்தார்கள். வடக்கே பினாங்குத் துறைமுகம், சுற்றிலும் நெல் வயல், தெற்கே தைப்பிங் ஈயச் சுரங்கம். இவற்றுக்கு நடுவே இருந்ததால்தான் நம் ஊரில் வியாபாரம் நடந்தது. அந்த ஈயச் சீமையை ஆண்டவர் ஒருவரின் வரலாற்றை இந்தப் பொன்விழா மலரில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் லாருட் மந்திரி ஙா இப்ராஹிம்.

அவருடைய தந்தை லோங் ஜாஃபார், புக்கிட் கந்தாங்கில் குடியேறியவர். அப்போது லாருட் பெரும்பாலும் காடு. அவரிடம் லாருட் என்ற பெயரில் ஒரு யானை இருந்ததாம். ஒரு நாள் அது காணாமல் போய்த் திரும்பி வந்தபோது அதன் காலில் ஒட்டியிருந்த சேற்றில் ஈயம் இருந்ததாம். இது பேராக் மக்கள் வழிவழியாகச் சொல்லி வரும் கதை. கதை எப்படியிருந்தாலும், 1840களின் கடைசியில் லோங் ஜாஃபார் பினாங்கிலிருந்து சீனத் தொழிலாளர்களை வரவழைத்துச் சுரங்கம் தோண்டியது உண்மை. 1850ல் சுல்தான் லாருட்டின் அதிகாரத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தார். 1857ல் அவர் மவுத்தானார். மறு ஆண்டே அந்த உரிமை மகன் ஙா இப்ராஹிமுக்கு உறுதியானது.

மகன் தந்தையை மிஞ்சினார். ஈயம் கப்பலேறும் ஆற்றங்கரையான மாத்தாங்கில் கோட்டை போன்ற வீடு கட்டினார். வெளியே போகும் ஈயத்துக்கு வரி, உள்ளே வரும் அபினுக்கு வரி என்று வருமானம் குவிந்தது. ஆயிரக்கணக்கான சீனர்கள் வந்து குவிந்தார்கள். செல்வத்தில் அவர் பேராக் சுல்தானையே மிஞ்சி நின்றார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

வந்தவர்கள் இரண்டு சங்கங்களாகப் பிரிந்திருந்தார்கள். இன்றைய தைப்பிங் இருக்கும் கிளியான் பாவ் பகுதியில் ஹாய் சான் சங்கத்தார். கமுந்திங் பக்கம் கிளியான் பாருவில் கீ ஹின் சங்கத்தார். சுரங்கத்துக்கு மண்வெட்டியை விடத் தண்ணீர்தான் முக்கியம். மண்ணைக் கழுவினால்தான் ஈயம் தனியே நிற்கும். 1861ல் அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்காகத்தான் முதல் சண்டை மூண்டது.

அந்த நேரத்தில் ஊருக்குப் பெரியவர் இரு தரப்பையும் உட்கார வைத்துத் தண்ணீரைப் பங்கிட்டிருக்க வேண்டும். ஙா இப்ராஹிம் ஹாய் சான் பக்கம் சாய்ந்தார். கீ ஹின் ஆட்கள் விரட்டப்பட்டார்கள். அவர்களில் பினாங்கிலிருந்து வந்தவர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் என்ற முறையில் கவர்னரிடம் முறையிட்டார்கள். ஆங்கிலேயர் லாருட் ஆற்றை மறித்துக் கப்பல் போக்குவரத்தை நிறுத்தி நஷ்டஈடு கேட்டார்கள். 17,447 வெள்ளி. சுல்தானிடம் அவ்வளவு பணம் இல்லை. ஙா இப்ராஹிம் கட்டினார். அதற்குப் பரிசாக 1863ல் ஓராங் காயா மந்திரி என்ற பட்டம் கிடைத்தது. பட்டம் வந்தது, ஆனால் வாய்க்கால் வழக்கு தீரவில்லை.

1865ல் சூதாட்டத் தகராறு ஒன்றிலிருந்து இரண்டாம் சண்டை தொடங்கியது. 1867 ஆகஸ்டில் பகை பினாங்கு வீதிகளில் வெடித்தது. அங்கே கீ ஹின் சங்கமும் தோ பே கோங் சங்கமும் மோதின. இதை நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கலவரத்தில் முஸ்லிம்களும் இரு கூறாக நின்றார்கள். வெள்ளைக் கொடிக் கூட்டம் ஒரு பக்கம், சிவப்புக் கொடிக் கூட்டம் மறு பக்கம். மலாய்க்காரர்களும், நம் இரத்தம் கலந்த ஜாவி பெக்கான் மக்களும் அவற்றில் இருந்தார்கள். ஒரே பள்ளிவாசலில் தோள் சேர்ந்து தொழுதவர்கள் யாரோ இருவர் சண்டைக்காகப் பத்து நாள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள்.

1872ல் லாருட்டில் மூன்றாம் சண்டை. ஆண்டின் தொடக்கத்தில் கீ ஹின் வென்றது. ஙா இப்ராஹிம் அவர்கள் பக்கம் போனார். அதே ஆண்டு கடைசியில் ஹாய் சான் திரும்பி வந்து சுரங்கத்தைப் பிடித்தது. அவர் மறுபடி அவர்கள் பக்கம் போனார். வியாபாரிகளான நமக்கு இது புரியும். யார் கை ஓங்குகிறதோ அவனிடம் நல்ல பேர் வாங்கிக்கொள்ளும் புத்தி இது. அந்த மாதத்துக் கணக்கில் லாபம் தெரியும். ஆனால் இரண்டு முறை பக்கம் மாறியவரை மூன்றாம் முறை யாரும் நம்பமாட்டார்கள்.

நிலைமை கை மீறியது. 1873ல் பினாங்கு போலீஸ் அதிகாரியாக இருந்த கேப்டன் ஸ்பீடியைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். ஸ்பீடி இந்தியாவுக்குப் போய்ச் சீக்கியர், பட்டாணியர் என்று சுமார் 110 சிப்பாய்களைத் திரட்டி வந்தார். தம் ஊர்ச் சண்டையை அடக்க வெளியாளைக் கூப்பிட்ட பிறகு, ஊரின் சாவி அவர் கையில் நிற்கவில்லை. 1874 ஜனவரி 20ல் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சங்கங்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தன. அமைதி என்று பொருள்படும் தைப்பிங் என்ற பெயர் ஊருக்கு வந்தது. மந்திரி பட்டம் ஙா இப்ராஹிமிடமே இருந்தது. ஆனால் லாருட்டை நிர்வகித்தவர் ஸ்பீடி, இப்போது ஆங்கிலேயரின் அதிகாரியாக. வரிப்பணமும் அவர்கள் கைக்குப் போனது.

1875 நவம்பர் 2ல் பாசிர் சாலாக்கில் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்டார். அதில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மீதான வழக்கு நடந்தது மாத்தாங்கில், ஙா இப்ராஹிம் கட்டிய அதே வீட்டில். சதியில் பங்கு உண்டு என்று சொல்லி, சுல்தான் அப்துல்லாவோடு அவரையும் 1877ல் சேஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர் செய்த தவறு எதுவானாலும், இது அவருக்கு நடந்த அநியாயம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு சரவாக்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் அவர் வந்தார். சொந்த மண்ணை மிதிக்காமலே 1895ல் சிங்கப்பூரில் மவுத்தாகி அங்கேயே அடக்கமானார். நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2006ல்தான் அவருடைய எச்சங்கள் பேராக்குக்குக் கொண்டுவரப்பட்டு மறு அடக்கம் செய்யப்பட்டன. அவர் கட்டிய வீடு 1913 முதல் 1922 வரை மலாய் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாக இருந்தது. இன்று அது அருங்காட்சியகம். நம் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரப் பயணம்தான். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

பாரிட் என்றால் மலாயில் வாய்க்கால். நம் ஊர்ப் பெயரிலேயே வாய்க்கால் இருக்கிறது. 1906ல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் முடிந்து புக்கிட் மேரா ஏரித் தண்ணீர் வயலுக்கு வந்தது. அன்று முதல் இங்கே முறை வைத்துத்தான் தண்ணீர் பாய்கிறது. மேல் வயல்காரன் அடைத்துக்கொண்டால் கீழ் வயல் காயும். அறுவடை வரை கடன் கொடுத்த கடைக்காரனும் சேர்ந்து காய்வான். லாருட்டில் வாய்க்காலால் ஒரு சீமை கவிழ்ந்தது. இங்கே வாய்க்காலைப் பங்கிட்டதால் ஒரு சீமை வாழ்கிறது.

நம் சங்கமும் ஐம்பது ஆண்டுகளில் மனவருத்தங்களைப் பார்க்காமல் இல்லை. இந்த ஊர்க்காரர், அந்த ஊர்க்காரர் என்ற பேச்சும், கடைக்குக் கடை போட்டியும், தலைவர் தேர்தல் வந்தால் கசப்பும் நம்மிடையே இருந்தன, இருக்கின்றன. ஆனாலும் மையித்து வீட்டில் எல்லோரும் நின்றோம். நோன்புக் கஞ்சியை ஒரே அண்டாவில் காய்ச்சினோம். தகராறு வந்தால் பெரியவர்கள் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார்கள், கை ஓங்கியவன் பக்கம் சாய்ந்துவிடவில்லை. அதனால்தான் இன்று பொன்விழா கொண்டாடுகிறோம். அடுத்த ஐம்பது ஆண்டுகளை நடத்தப்போகும் நம் தலைமுறை இதைக் கைவிட்டுவிடக் கூடாது.

மர்ஹூம் ஙா இப்ராஹிம் அவர்களின் பிழைகளை அல்லாஹ் மன்னிப்பானாக. அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக. வந்த இடத்தில் ஒற்றுமையாக வாழும் தவ்ஃபீக்கை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக. ஆமீன்.