இன்ஜின் ஏன் ‘தட்டுகிறது’? அளந்து சொன்ன ஹாரி ரிக்கார்டோவின் கதை

பழைய அம்பாசடரின் இன்ஜினை இறக்கி ரீபில்ட் செய்யும் எவருக்கும் ஒரு சந்தேகம் வரும்: ஹெட்டை எவ்வளவு சீவலாம்? கொஞ்சம் சீவினால் கம்ப்ரஷன் ஏறும், இழுவை கூடும். அதிகமா சீவிட்டா, மேடு ஏறும்போது உள்ளே சுத்தியலால் தட்டுற மாதிரி சத்தம் வரும். அப்படியே ஓட்டினால் பிஸ்டனே ஓட்டையாகலாம்.

அந்த எல்லைக்கோட்டைத் தேடியே வாழ்நாளைக் கழித்தவர் ஹாரி ரிக்கார்டோ.

1885-ல் லண்டனில் பிறந்தார். அப்பா கட்டடக் கலைஞர். அம்மா வழித் தாத்தா அலெக்சாண்டர் ரெண்டல், இந்திய ரயில்வேக்குப் பாலங்கள் வடிவமைத்தவர். சிந்து நதியின் மேலுள்ள சுக்கூர் பாலம் அவர் வடிவமைத்ததுதான்.

கேம்பிரிட்ஜில் பேராசிரியர் ஹாப்கின்சனிடம் படிக்கும்போதே தட்டல் சத்தம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஸ்பார்க்குக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்வதுதான் காரணம் என்று அப்போது பலர் நம்பினர். ரிக்கார்டோ கண்டது வேறு. ஸ்பார்க்குக்குப் பிறகு தீ பரவுகிறது. தூர மூலையில் மிச்சமிருக்கும் கலவை நசுங்கிச் சூடேறி, ஒரே நொடியில் தானாக வெடிக்கிறது. அதுதான் அந்தச் சத்தம்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் டாங்கிகள் கக்கிய புகை, அவை நிற்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தது. புகை குறைந்த 150 குதிரைசக்தி இன்ஜினை ரிக்கார்டோ வடிவமைத்தார். போர் முடிந்ததும் ஷோர்ஹாமில் சொந்த ஆய்வுக்கூடம்.

அங்கே அவர் பயன்படுத்திய இ35 என்ற ஒற்றை சிலிண்டர் இன்ஜின்தான் கதையின் ஹீரோ (எனக்கு அப்படித்தான் படுகிறது). ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கம்ப்ரஷனை மாற்றலாம். வெவ்வேறு பெட்ரோலை ஊற்றி, எது எந்த அளவில் தட்டத் தொடங்குகிறது என்று அளந்தார். ஆக்டேன் எண் வருவதற்கு முந்தைய காலம் அது.

எரிபொருள் பாதிதான், மீதி ஹெட்டின் வடிவம். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருந்த சைடு வால்வு இன்ஜின்களில் அறை தட்டையாக, அகலமாக இருந்தது. தீ கடக்க வேண்டிய தூரம் அதிகம். அறையை வால்வுகளின் மேல் ஒதுக்கி, மீதி ஹெட்டை பிஸ்டனை உரசும் அளவுக்குத் தாழ்த்தினார் ரிக்கார்டோ. பிஸ்டன் மேலே வரும்போது கலவை பிதுங்கிச் சுழலும், வேகமாக எரியும். தட்டாமலேயே கம்ப்ரஷனை ஏற்ற முடிந்தது. மலிவான சைடு வால்வு இன்ஜின்களுக்கு ஆயுள் கூடியது. ஆரம்பகால அம்பாசடரிலும் அந்த வகைதான் இருந்தது.

இனி நம்ம கணக்கு. பின்னர் வந்த 1489 சிசி அம்பாசடரில் ஒரு சிலிண்டருக்கு 372 சிசி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 60 சிசி என்றால், இரண்டையும் கூட்டி 60-ஆல் வகுக்க வேண்டும்: 7.2. ஹெட்டைச் சீவி அந்த இடம் 54 சிசி ஆனால் 7.9. வெறும் 6 சிசி செய்யும் வேலை இது! அதனால் லேத்துக்கு அனுப்பும் முன் அறையில் எண்ணெய் ஊற்றி அளந்துவிடுங்க. கேஸ்கெட் தடிமனையும் பிஸ்டன் தலையின் குழிவையும் கணக்கில் சேருங்க.

டீசலுக்கு 1930-களில் அவர் உருவாக்கிய ‘காமெட்’ அறை லண்டன் பேருந்துகளுக்குப் போனது. அதன் பிற்கால வடிவம் டீசல் அம்பாசடரின் ஹெட்டிலும் இருந்தது. 1948-ல் சர் பட்டம் பெற்ற ரிக்கார்டோ 1974-ல், 89 வயதில் இறந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் அவர் பெயரிலேயே இயங்கியது.