ஊசி முனையில் கண்

கூட்டமைப்பு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை ஆளுக்கொருத்தர் எழுதணும்னு சொன்னாங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சிஸ்டர் சுப்புலட்சுமி என்று மற்ற அக்காமார் எடுத்துக்கொண்டார்கள். நான் எலியாஸ் ஹோவைப் பற்றி எழுதுகிறேன். அவர் அமெரிக்காக்காரர். ஆனால் தையலில் சோறு சாப்பிடுகிற நமக்கு அவர் அந்நியர் இல்லை.

போன வருஷம் மந்தைவெளியில் எங்கள் குழுவுக்கு ஒரு பழைய பவர் மெஷின் கிடைத்தது. சக்கரமே சுத்தலை. பார்க்க வந்த மெக்கானிக், இரும்பு விலைக்குப் போட்டுடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். ஸ்கூல் யூனிபார்ம் ஆர்டர் கையில் இருக்கு. பழைய கடன் பாதி பாக்கி. புது மெஷினுக்கு இன்னொரு கடன் கேட்க யாருக்கும் வாய் வரலை. நாமே பிரித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். அந்த நாட்களில்தான் ஹோவின் கதையைப் படித்தேன்.

ஹோவ் 1819-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பென்சர் என்ற ஊரில் பிறந்தார். ஒரு கால் சரியில்லாதவர். பாஸ்டன் நகரில் மெஷின் பட்டறையில் கூலி வேலை. மனைவி பெயர் எலிசபெத், மூன்று பிள்ளைகள். உடம்பு முடியாமல் ஹோவ் படுத்த நாட்களில், எலிசபெத் ராத்திரி ராத்திரியாக வெளித்தையல் தைத்துக் குடும்பத்தை ஓட்டினார். அந்தக் கை போய் வருவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தவருக்கு, இதை ஒரு மெஷின் செய்யாதா என்ற எண்ணம் வேர் விட்டது.

கை போவது போலவே மெஷினும் போகணும்னு முதலில் முயன்றார். சரிப்படலை. கை ஊசிக்குக் கண் பின்னால் இருக்கும். அதை முனைக்குக் கொண்டுவந்து, கீழே இன்னொரு நூலோடு ஒரு ஷட்டிலை ஓடவிட்டார். ரெண்டு நூலும் துணிக்குள் பின்னிக்கொண்டது. வால்டர் ஹன்ட் என்பவர் முன்பே இதுபோல ஒன்று செய்திருந்தாலும் உரிமை பதிவு செய்யாமல் விட்டுவிட்டார். ஹோவுக்குக் கையில் காசில்லை; ஜார்ஜ் ஃபிஷர் என்ற நண்பர் 500 டாலர் போட்டு, குடும்பத்துக்கே வீட்டில் இடம் கொடுத்தார். 1845-இல் ஐந்து தையல்காரப் பெண்களோடு போட்டி வைத்து மெஷின் ஜெயித்தது. 1846 செப்டம்பர் 10-இல் காப்புரிமை வந்தது. வாங்கத்தான் ஆள் வரவில்லை. விலை அதிகம், பிழைப்பு போய்விடுமோ என்ற பயம் வேறு.

எங்கள் மெஷினுக்கு வருகிறேன். பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டு ரெண்டு நாள் ஊறவைத்தோம். கையால் அசைத்து அசைத்து மூணாம் நாள் சக்கரம் திரும்பியது. ஹூக்குக்குள் வருஷக்கணக்கான நூல் பிசிறு. துடைத்து எண்ணெய் போட்டோம். ஓடியது, ஆனால் தையல் விட்டுவிட்டு விழுந்தது. காரணம் ஹோவ் கண்டுபிடித்த இடத்திலேயே இருந்தது. ஊசி அடிவரை இறங்கி, சுமார் 2 மில்லிமீட்டர் மேலேறும்போது நூல் ஒரு சின்ன வளையம் விடும். அந்த நொடியில் ஹூக்கின் முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே வந்து வளையத்தைப் பிடிக்கணும். எங்கள் ஹூக் பிந்தி வந்தது. அதன் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, ஊசியை உரசாமல் காகித அளவு இடைவெளி விட்டு, சரியான இடத்தில் நிறுத்தி முடுக்கினோம். புது ஊசி போட்டோம். பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டால் அது தானாக இறங்கக்கூடாது, லேசாகச் சுண்டினால் கொஞ்சம் இறங்கணும். அந்த அளவுக்கு டென்ஷன் வைத்தோம். தையல் முத்துமுத்தாக விழுந்தது.

ஹோவ் இங்கிலாந்து போனார். அங்கே ஒரு முதலாளியிடம் 250 பவுனுக்கு உரிமை போயிருந்தது. வேலையும் நிலைக்கவில்லை. குடும்பத்தை முன்னால் அனுப்பிவிட்டு, மெஷினையும் பத்திரத்தையும் அடகு வைத்து ஊர் திரும்பினார். வந்து பார்த்தால் எலிசபெத் காசநோயில் கிடக்கிறார். கொஞ்ச நாளில் இறந்தும் போனார். இங்கேதான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

அதற்குள் ஐசக் சிங்கர் உள்படப் பலரும் அந்த முறையில் மெஷின் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஹோவ் வழக்குப் போட்டார். 1854-இல் ஜெயித்தார். சிங்கர் 15,000 டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் விற்ற மெஷின் ஒவ்வொன்றுக்கும் ஹோவுக்குப் பங்கு வந்தது. பெரும் பணக்காரர் ஆனார். 1867-இல், காப்புரிமை முடிந்த அதே வருஷம், 48 வயதில் காலமானார். சிங்கர் கம்பெனி தவணை முறையில் விற்றதால் மெஷின் ஏழை வீட்டுக்கும் போனது. இயந்திரங்களை எளிதில் ஏற்காத காந்தியடிகளும் சிங்கர் தையல் மெஷினை விதிவிலக்கு என்று சொன்னார்.

யூனிபார்ம் ஆர்டரை நாங்கள் நாள் தவறாமல் கொடுத்தோம். கடன் தவணையும் கட்டியாச்சு. காப்புரிமைப் பத்திரத்தில் எலிசபெத் பெயர் இல்லை. அவர் கைத்தையலும் ஃபிஷரின் 500 டாலரும் இல்லாவிட்டால் அந்த மெஷினே இல்லை. நம் குழுக்களிலும் ஒருத்தி உழைப்பு, இன்னொருத்தி சேமிப்பு என்றுதான் எல்லாம் நடக்கிறது. அதனால் நோட்டுப் புத்தகத்தில் எல்லார் பெயரையும் எழுதி வையுங்கள் தோழிகளே. பழைய மெஷின் இருந்தால் காயலாங்கடைக்குப் போடுமுன் ஒருமுறை எங்களைக் கூப்பிடுங்கள், வந்து பார்க்கிறோம்.