ஹேர்மன் ஹொலரித் (1860 - 1929): உள்ளீடும் வெளியீடும்

பஸ்கால் மொழியில் நீங்கள் முதன்முதலாகச் செய்நிரல் எழுதிய நாளைச் சற்று நினைத்துப் பாருங்கள். இரண்டு எண்களைக் கூட்டி விடையைக் காட்டும் சிறிய செய்நிரல்தான். அதனை இயக்கியதும் கறுப்புச் சாளரம் ஒன்று திறந்தது. அதில் ஒரு சிறு கோடு மாத்திரம் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. எனது வகுப்பில் இந்த இடம் வரும்போது வருடாவருடம் ஒரு கை உயரும். டீச்சர், கொம்பியூட்டர் நின்றுவிட்டது என்று பின் வாங்கிலிருந்து ஒரு குரல் வரும்.

கணினி நிற்கவில்லை. நீங்கள் எழுதிய ரீட் என்ற கூற்றை அடைந்து, உங்களிடமிருந்து தரவு வரும்வரை அது காத்திருக்கிறது. எண்ணைத் தட்டி என்டர் விசையை அழுத்தினால் வேலை தொடரும். வேறு சிலருக்கு இதற்கு மாறான பிரச்சினை ஏற்படும். விடை தோன்றிய கணத்திலேயே சாளரம் மூடிவிடும். விடையைக் காட்டியதும் செய்நிரல் முடிந்துவிட்டதே அதற்குக் காரணம். இறுதியில் இன்னுமொரு ரீட்லைன் கூற்றை இட்டால், நீங்கள் என்டர் விசையை அழுத்தும்வரை சாளரம் திறந்திருக்கும்.

மனிதன் தரவைக் கொடுக்க வேண்டும். அது கிடைத்தது என்பதை இயந்திரம் தெரிவிக்க வேண்டும். பின்னர் விடையைக் காட்ட வேண்டும். மின்சாரத்தினால் இயங்கும் ஓர் இயந்திரத்தில் இதனைப் பல மில்லியன் மக்களின் விபரங்களைக் கொண்டு செய்து காட்டியவர் ஹேர்மன் ஹொலரித். கணினி வரலாற்றுப் பாடத்தில் இவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான்: துளை அட்டையைக் கண்டுபிடித்தவர். அந்த ஒரு வரியிலும் ஒரு பிழை இருக்கிறது. அதனைப் பின்னர் பார்ப்போம்.

ஹொலரித் 1860 பெப்ரவரி 29ஆம் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள பபலோ நகரில் பிறந்தார். பெற்றோர் ஜேர்மனியிலிருந்து குடியேறியவர்கள். சிறுவயதில் இவருக்கு எழுத்துக்கூட்டல் சற்றும் வரவில்லை. அந்தப் பாடத்திற்குப் பயந்து வகுப்பறை யன்னலால் பாய்ந்து ஓடினார் என்றுகூடச் சொல்லப்படுகிறது. பின்னர் பாடசாலையிலிருந்து விலக்கி, தனியாக ஆசிரியர் ஒருவரிடம் கற்க விட்டார்கள். அப்படிப்பட்ட பிள்ளை 1879இல், 19 வயதில், கொலம்பியா கல்லூரியின் சுரங்கவியல் பிரிவில் பொறியியலாளராகத் தேறியது. எழுத்துக்கூட்டலில் புள்ளி குறைந்தவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அதனைப் பரீட்சை மண்டபத்தில் ஒரு சாட்டாகச் சொல்ல வேண்டாம்!

தனக்குக் கற்பித்த பேராசிரியர் ஒருவரின் உதவியால் ஹொலரித்துக்குக் குடிசன மதிப்பீட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அமெரிக்க அரசியலமைப்பின்படி பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மக்களை எண்ண வேண்டும். எந்த மாநிலத்திற்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை ஆசனங்கள் என்பது அந்த எண்ணிக்கையிலேயே தங்கியிருந்தது. 1880இல் சனத்தொகை சுமார் 50 மில்லியன். அவ்வளவு பேரின் வயது, பால், பிறந்த இடம், தொழில் எல்லாவற்றையும் எழுதுவினைஞர்கள் தாள்களில் கோடு கோடாகப் போட்டு எண்ணினார்கள். அந்த வேலை முழுவதும் முடிய ஏழு எட்டு ஆண்டுகள் சென்றன. சனத்தொகையோ கூடிக்கொண்டே போனது. இப்படியே போனால் ஒரு கணக்கெடுப்பின் விடை வருவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும் என்ற நிலை.

அதே அலுவலகத்தில் உயிர்ப் புள்ளிவிபரப் பகுதியை நடத்திய ஜோன் ஷோ பில்லிங்ஸ் என்ற வைத்தியர், இந்தச் சலிப்பூட்டும் வேலைக்கு ஓர் இயந்திரம் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஹொலரித்தின் மனதில் விதைத்தார். ஹொலரித் அதனை விடவில்லை. 1882இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் விரிவுரையாளராக இருந்தபோதும், பின்னர் ஆக்கவுரிமை அலுவலகத்தில் பணியாற்றியபோதும் இதே சிந்தனைதான்.

முதலில் அவர் அமைத்தது அட்டை அன்று, நீண்ட கடதாசி நாடா. ஒவ்வொருவரின் விபரமும் நாடாவில் வரிசையாகத் துளையிடப்பட்டது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு குறிப்பிட்ட ஆளின் விபரம் வேண்டுமென்றால் அதற்கு முன்னுள்ள நாடா முழுவதையும் ஓடவிட வேண்டும். பிழையான ஒரு பதிவை வெளியே எடுத்துவிடவும் முடியாது. காந்த நாடாவில் தொடர் அணுகல் என்று நீங்கள் படிக்கும் அதே குறைபாடுதான். இதற்கு அவருக்கு வழிகாட்டியது ஒரு புகையிரதப் பயணம். அக்காலத்தில் சில புகையிரதங்களில், ஒருவரின் பயணச்சீட்டை இன்னொருவர் பயன்படுத்தாதபடி, பயணியின் தோற்றத்தைச் சீட்டிலேயே துளையிட்டுக் குறிப்பார்கள். தலைமயிர் என்ன நிறம், கண் என்ன நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். ஒரு மனிதனுக்கு ஒரு சீட்டு! ஹொலரித் நாடாவைக் கைவிட்டு, ஆளுக்கு ஓர் அட்டை என்ற முறைக்கு மாறினார்.

இப்போது அந்தப் பிழைக்கு வருவோம். துளையிட்ட அட்டையை முதலில் பயன்படுத்தியவர் ஹொலரித் அல்லர். 1804ஆம் ஆண்டளவில் பிரான்ஸ் நாட்டின் ஜக்காட் தனது நெசவுத் தறியை அட்டைகளால் இயக்கினார். சார்ள்ஸ் பபேஜும் தமது பகுப்பாய்வு இயந்திரத்திற்கு அட்டைகளையே திட்டமிட்டிருந்தார். ஜக்காட்டின் அட்டையில் இருந்தவை அறிவுறுத்தல்கள். எந்த நூலை உயர்த்த வேண்டும் என்று தறிக்குச் சொல்பவை. ஹொலரித்தின் அட்டையில் இருந்தது தரவு. இந்த வேறுபாட்டை விடையில் எழுதும் மாணவரின் தாள் தனியாகத் தெரியும்.

1887இல் பல்ரிமோர் நகரின் இறப்புப் பதிவுகளைக் கொண்டு முறையைப் பரீட்சித்தார்கள். புகையிரத நடத்துநரின் கைத்துளைகருவியால் ஹொலரித்தே அட்டைகளைத் துளையிட்டார். கை வலி தாங்க முடியவில்லை. அந்த வலியிலிருந்தே மேசையில் வைத்துப் பயன்படுத்தும் புதிய துளைகருவி பிறந்தது. அதன் பலகையில் குறிக்கப்பட்ட இடத்தில் ஊசியை அழுத்தினால், மறுமுனை அட்டையின் உரிய இடத்தில் துளையிடும். நமது விசைப்பலகை செய்யும் வேலையை அன்று செய்தது இதுதான்.

இயந்திரம் எப்படி இயங்கியது என்பதைக் கவனமாக வாசியுங்கள். அட்டையை ஒரு தட்டின்மீது வைத்து, கைப்பிடியைக் கீழே இழுப்பார்கள். வில் பொருத்திய ஊசிகள் அட்டைமீது இறங்கும். துளை இல்லாத இடத்தில் ஊசியை அட்டை தடுத்துவிடும். துளை உள்ள இடத்தில் ஊசி அதனூடாகச் சென்று, கீழே சிறு கிண்ணத்திலுள்ள இரசத்தைத் தொடும். உடனே மின்சுற்று பூர்த்தியாகும். மின்காந்தம் ஒன்று இழுக்க, எதிரே பலகையில் மணிக்கூட்டு முகம் போன்ற எண்ணி ஒன்றின் முள் ஓர் இடம் நகரும். இவ்வாறு 40 எண்ணிகள். ஒவ்வொன்றும் 9,999 வரை எண்ணக்கூடியவை. அதேநேரம் பக்கத்திலிருந்த பெட்டியில் ஓர் அறையின் மூடி திறக்கும். அட்டையை அதற்குள் போட்டு மூடிவிட வேண்டும். எண்ணுவதும் வகைப்படுத்துவதும் ஒரே இழுப்பில் முடிந்தன.

இவற்றோடு ஒரு சிறிய மணியும் இருந்தது. இந்த மணியைப் பற்றிச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன். அட்டை சரியாக வாசிக்கப்பட்டால் மணி ஒலிக்கும். வைத்தது சரியில்லை, அல்லது இருக்க வேண்டிய துளை இல்லை என்றால் ஒலிக்காது. அந்த அட்டையை எடுத்துப் புறம்பாக வைத்து, பின்னர் சரிபார்ப்பார்கள். அதாவது உள்ளீடு கிடைத்ததா, ஏற்கத்தக்கதா என்று இயந்திரமே மனிதனுக்குப் பதில் சொன்னது. வயது கேட்கும் இடத்தில் எழுத்தைத் தட்டினால் உங்கள் செய்நிரல் பிழைச்செய்தி காட்டுகிறதல்லவா? அதன் மூத்த உறவினர்தான் இந்த மணி. கேள்வியைத் திரையில் காட்டாமல் வெறும் ரீட் கூற்றை மட்டும் எழுதுபவர்கள், மணி இல்லாத இயந்திரத்தைச் செய்பவர்கள். பின் வாங்கில் கை உயர்வதற்குக் காரணம் அதுவே.

1889இல் அடுத்த கணக்கெடுப்புக்கு எந்த முறை என்று தீர்மானிக்க ஒரு போட்டி வைத்தார்கள். சென் லூயிஸ் நகரைச் சேர்ந்த 10,491 பேரின் பழைய விபரங்கள் கொடுக்கப்பட்டன. நிறத் தாள்களையும் நிறச் சீட்டுகளையும் கையால் பிரிக்கும் வேறு இரு முறைகள் எதிரே நின்றன. தரவைப் பதிய ஹொலரித்தின் முறைக்கு 72 மணி 27 நிமிடம் எடுத்தது. மற்றவற்றுக்கு 110 மணிக்கும் 144 மணிக்கும் மேல். எண்ணி அட்டவணைப்படுத்த அவருக்கு 5 மணி 28 நிமிடம். மற்றவற்றுக்கு 44 மணிக்கும் 55 மணிக்கும் மேல். இந்த எண்களில் ஒரு விடயம் ஒளிந்திருக்கிறது. கணிப்பு வேலை எட்டு, பத்து மடங்கு விரைவாயிற்று. உள்ளீட்டு வேலை இரண்டு மடங்குகூட விரைவாகவில்லை. மனிதனின் கைதான் அன்றும் தாமதமான இடம். உங்கள் செய்நிரலும் தனது நேரத்தில் பெரும்பகுதியை விசைக்காகக் காத்திருந்தே கழிக்கிறது.

1890இல் இயந்திரங்கள் வேலையைத் தொடங்கின. மொத்தச் சனத்தொகை சில வாரங்களிலேயே வெளிவந்தது: 62 மில்லியனுக்குச் சற்று மேல். நாடு மகிழவில்லை, கோபித்தது. இன்னும் பெரிய எண்ணையே மக்கள் எதிர்பார்த்திருந்தார்கள். பத்திரிகைகள் கணக்கெடுப்பைத் தாக்கின. இயந்திரத்தின்மீதும் சந்தேகம் எழுந்தது. விரைவாக வந்த வெளியீட்டை நம்ப ஆட்கள் ஆயத்தமாக இருக்கவில்லை. (முழு அறிக்கைகளும் ஒரே வருடத்தில் முடிந்தன என்று சில குறிப்புகளில் காணலாம். அது சரியன்று. தலைக்கணக்குத்தான் விரைவாக வந்தது. முன்பு எண்ண முடியாத பல அட்டவணைகளையும் இம்முறை தயாரித்ததால் அறிக்கைகள் முடிவடையப் பல ஆண்டுகள் சென்றன.) அதே ஆண்டில் கொலம்பியா அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அவரது திருமணமும் அவ்வாண்டிலேயே நடந்தது. ஒஸ்திரியா, கனடா, பின்னர் 1897இல் ரஷ்யா ஆகிய நாடுகளும் அவரது இயந்திரங்களைப் பயன்படுத்தின.

1896இல் ஹொலரித் சொந்தக் கம்பனியை ஆரம்பித்தார். இயந்திரங்களை விற்காமல் வாடகைக்கே கொடுத்தார். 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் அவரிடமே வந்தது. அதன் பின்னர்தான் முறுகல். வாடகை அதிகம் என்றது குடிசன மதிப்பீட்டு அலுவலகம். குறைக்க மாட்டேன் என்றார் அவர். 1905இல் அங்கிருந்து அவரது இயந்திரங்கள் வெளியேறின. அலுவலகம் தனது சொந்தப் பொறியியலாளர்களை வைத்துப் புதிய இயந்திரங்களை அமைத்து, 1910இல் அவற்றையே பயன்படுத்தியது. அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் பவர்ஸ் பின்னர் போட்டிக் கம்பனியையே தொடங்கிவிட்டார். ஹொலரித் வழக்குத் தொடர்ந்தும் பலன் கிட்டவில்லை. பிழை எவருடையது? என் எண்ணத்தில் இருபக்கமும் பிழைதான். ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்தவர் அவருடனேயே பிடிவாதம் பிடித்தார். ஆயினும் அந்த இழப்பு அவரைப் புகையிரதக் கம்பனிகள், காப்புறுதி நிறுவனங்கள், தொழிற்சாலைகள் பக்கம் மேலும் தள்ளியது. இணைப்புக் கம்பிகளை மாற்றிச் செருகி ஒரே இயந்திரத்தை வெவ்வேறு வேலைக்கு அமைக்கும் பலகையும் இக்காலத்தில், 1906ஆம் ஆண்டளவில், வந்ததே.

1911இல் அவரது கம்பனி வேறு கம்பனிகளுடன் இணைக்கப்பட்டது. ஹொலரித் செல்வந்தரானார், சில ஆண்டுகள் ஆலோசகராக இருந்து, பின் ஓய்வு பெற்றுப் பண்ணையில் பசு வளர்த்தார். இணைந்த கம்பனி 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் மாறியது. 1929 நவம்பர் 17ஆம் திகதி அவர் வொஷிங்டன் நகரில் காலமானார்.

அதற்கு முந்திய ஆண்டு, 1928இல், ஐ.பி.எம். 80 நிரல்கள் கொண்ட புதிய அட்டையை வெளியிட்டது. ஒரு நிரலுக்கு ஓர் எழுத்து. 1957இல் போட்ரான் மொழி வந்தபோது அதன் ரீட் கூற்று வாசித்தது விசைப்பலகையை அன்று, இத்தகைய அட்டையையே. பின்னர் திரைகள் வந்தன. அட்டைக்குப் பழகிய உலகம் திரையையும் அதே அளவில் அமைத்தது. 1978இல் வெளிவந்த விரி-100 என்ற புகழ்பெற்ற முனையம் வழமையாக ஒரு வரியில் 80 எழுத்துகளைக் காட்டியது. விண்டோஸின் கட்டளைச் சாளரமும் நீண்ட காலம் அதே அகலத்துடனேயே திறந்தது. பழைய டேர்போ பஸ்கால் நிறுவிய கணினி உங்கள் பாடசாலையில் இருந்தால், நீண்ட வாக்கியம் ஒன்றை ரைட் கூற்றினால் அச்சிட்டு, எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். 81ஆவது எழுத்து அடுத்த வரிக்கு இறங்கியிருக்கும்.