எஸ். மீனாட்சி அம்மாள்

எஸ். மீனாட்சி அம்மாள் (1905 - 1962) தமிழகத்தைச் சேர்ந்த சமையற்கலை நூலாசிரியர் ஆவார். இவர் எழுதிய சமைத்துப் பார் என்னும் நூல் தமிழ்ச் சமையல் நூல்களுள் மிகவும் புகழ் பெற்றது. கண்ணளவாலும் கைப்பக்குவத்தாலும் கற்பிக்கப்பட்டு வந்த வீட்டுச் சமையலை அளவுகளுடன் எழுத்தில் பதிவு செய்தமைக்காக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். மகன், மாமியார், சிறுவனாக இருந்த மைத்துனர் ஆகியோரைக் காக்கும் பொறுப்பு இவரைச் சேர்ந்தது. சமையலில் தேர்ந்தவராக இருந்ததால், உறவினர்கள் பலர் செய்முறைகளை எழுதி அனுப்பும்படி இவரைக் கேட்டு வந்தனர். இவற்றை நூலாக்கும்படி இவருடைய மாமாவும் சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞருமான கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர் ஊக்குவித்தார். சமைத்துப் பார் நூலின் முதற் பாகத்தை 1951 ஆம் ஆண்டு மீனாட்சி அம்மாள் தாமே வெளியிட்டார். பின்னர் மேலும் இரு பாகங்கள் வெளிவந்தன.

நூலின் அளவுகள்

சாம்பார், ரசம், கூட்டு, பலகாரம், ஊறுகாய் முதலிய சைவ உணவுகளின் செய்முறைகள் நூலில் உள்ளன. அருகிலிருந்து சொல்லித்தர மூத்தோர் இல்லாதவரும் சமைக்க இயலும் வகையில் பொருள்களின் அளவுகள் தரப்பட்டுள்ளன. நூல் எழுதப்பட்ட காலத்தில் தானியங்களுக்குப் படி, ஆழாக்கு ஆகிய முகத்தலளவைகளும், புளி, வெல்லம் போன்றவற்றுக்குப் பலம், ரூபாய் எடை ஆகிய நிறுத்தலளவைகளும் வழக்கில் இருந்தன.

- 1 படி = 8 ஆழாக்கு
- 1 ஆழாக்கு = சுமார் 168 மில்லிலிட்டர்
- 1 ரூபாய் எடை (தோலா) = சுமார் 11.66 கிராம்
- 1 பலம் = 3 தோலா = சுமார் 35 கிராம்
- 1 வீசை = 40 பலம் = சுமார் 1.4 கிலோகிராம்

படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. மேலே உள்ள ஆழாக்கின் அளவு இன்று பரவலாகக் கொள்ளப்படுவதாகும். கோயம்புத்தூர், திருப்பூர் உள்ளிட்ட கொங்கு வட்டாரத்தில் வள்ளம் என்ற முகத்தலளவையும் புழங்கியது.

மெட்ரிக் முறைக்கு மாற்றம்

இந்திய அரசு 1956 ஆம் ஆண்டு எடைகள், அளவைகள் தரச் சட்டத்தை இயற்றியது. 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. மீனாட்சி அம்மாள் மறைந்த 1962 ஆம் ஆண்டு வாக்கில் எடைகளில் இம்மாற்றம் கட்டாயமாயிற்று. கடைகளில் அரிசியும் பருப்பும் கிலோக் கணக்கில் விற்கப்படலாயின. பின்னர் வெளிவந்த ரூபாய் நாணயங்கள் எடை குறைந்தவையாதலால், நாணயத்தையே எடைக்கல்லாக வைத்து நிறுக்கும் வழக்கமும் பொருந்தாமற் போயிற்று.

பலத்தையும் ரூபாய் எடையையும் கிராமுக்கு மாற்ற ஒரு பெருக்கல் போதும். ஆழாக்கை மாற்ற அவ்வாறு ஒரே எண் இல்லை. ஆழாக்கு இடத்தை அளப்பது. அதில் அடங்கும் எடை பொருளின் அடர்த்தியையும், தலைதட்டி அளப்பதா குவித்து அளப்பதா என்பதையும் பொறுத்தது. 168 மில்லிலிட்டர் கொள்ளும் ஆழாக்கில் தலைதட்டி அளந்தால் அரிசி சுமார் 140 கிராமும், அரிசி மாவு சுமார் 105 கிராமும், தூள் உப்பு சுமார் 200 கிராமும் இருக்கும். மாவை அழுத்தி நிரப்பினால் எடை மேலும் கூடும்.

இட்லிக்கு அரிசியும் உளுந்தும் போல எல்லாப் பொருளும் ஒரே பாத்திரத்தால் அளக்கப்படும் இடத்தில் விகிதம் மாறாது. எந்தக் கிண்ணத்தைக் கொண்டும் அளக்கலாம். அதிரசம் போன்றவற்றில் அரிசியைப் படியாலும் வெல்லத்தைப் பலத்தாலும் அளந்தால், படியின் கொள்ளளவை அறிந்தே கணக்கிட வேண்டும். இல்லையெனில் பாகுக்கும் மாவுக்கும் உள்ள பொருத்தம் கெட்டுப் பலகாரம் உதிர்ந்துவிடும்.

தாக்கம்

சமைத்துப் பார் ஆங்கிலத்திலும் பிற இந்திய மொழிகளிலும் மொழிபெயர்க்கப்பட்டது. புதுமணப் பெண்களுக்கு இந்நூலைப் பரிசளிப்பது வழக்கமாயிற்று. வெளிநாடு சென்ற தமிழர் பலர் இதனை உடன் கொண்டு சென்றனர். தேர்ந்தெடுத்த செய்முறைகளின் ஆங்கிலத் தொகுப்பு ஒன்றைப் பெங்குவின் நிறுவனம் 2001 ஆம் ஆண்டு வெளியிட்டது. படியும் ஆழாக்கும் கடைகளிலிருந்து மறைந்த பின்னரும், அவை புழங்கிய சமையலறையின் பதிவாக இந்நூல் விளங்குகிறது.