இடிந்த கோட்டையை எழுதிவைத்தவர்

மலாக்காக் கோட்டை என்றதும் பலருக்கும் அதைக் கட்டிய போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க்கின் பெயர் நினைவுக்கு வரும். எனக்கோ, அது இடிக்கப்பட்டதைக் கண்டு எழுதிவைத்த முன்ஷி அப்துல்லாதான் நினைவுக்கு வருவார்.

அப்துல்லா 1796-ஆம் ஆண்டு மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தார். அவருடைய கொள்ளுத் தாத்தா ஏமன் நாட்டு அரபியர். நாகூரில் குடியேறித் தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அவர்களுடைய மகன்தான் மலாக்காவுக்கு வந்த அப்துல்லாவின் தாத்தா. சிறுவயதில் குர்ஆன் ஓதக் கற்ற அப்துல்லாவைத் தந்தை தமிழ் படிக்கவும் அனுப்பினார். அக்கால மலாக்கா வணிகர்களிடையே தமிழ் செல்வாக்குடன் விளங்கியதே காரணம்.

போர்ச்சுகீசியர் 1511-இல் கட்டத் தொடங்கிய கோட்டையை 1641-இல் டச்சுக்காரர்களும் 1795-இல் ஆங்கிலேயர்களும் கைப்பற்றினர். 1807-இல் அதை இடிக்க ஆணை பிறந்தது. மலாக்காவைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தாலும் வலுவான கோட்டை பிறர் கையில் கிடைக்கக்கூடாது, வணிகமும் பினாங்குக்குப் போக வேண்டும் என்பது ஆங்கிலேயரின் கணக்கு.

பொறுப்பை ஏற்றவர் வில்லியம் ஃபார்குவார். முதலில் கூலியாட்களைக் கொண்டு உடைத்துப் பார்த்தார்கள். சுவர் எளிதில் அசையவில்லை. கோட்டையில் பேய் இருப்பதாக ஆட்கள் அஞ்சினர். கடைசியில் வெடிமருந்து வைத்தார்கள். பெரும் பாறைகள் சிதறிக் கடலில் விழுந்தன. அப்போது அப்துல்லாவுக்கு வயது சுமார் பதினொன்று. ஊரின் அழகே போய்விட்டதே என்ற வருத்தம் அவரைவிட்டு நீங்கவில்லை.

1808-இல் மலாக்கா வந்த ராஃபிள்ஸ், இந்த ஊரைக் கைவிடக்கூடாது என்று அறிக்கை எழுதினார். ஆனால் அதற்குள் கோட்டையின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. சில ஆண்டுகளில் அப்துல்லா அதே ராஃபிள்ஸிடம் எழுத்தராகச் சேர்ந்தார். இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்ததால் அவருக்கு ஆசிரியர் என்னும் பொருளில் முன்ஷி என்ற பெயர் நிலைத்தது. பின்னாளில் சிங்கப்பூரில் வாழ்ந்து, 1843-இல் தம் வாழ்க்கை வரலாற்றை மலாயில் எழுதி முடித்தார். ஹிக்காயாட் அப்துல்லா எனும் அந்நூல் 1849-இல் அச்சேறியது. 1854-இல் புனிதப் பயணம் சென்றபோது காலமானார்.

இன்று அக்கோட்டையில் எஞ்சி நிற்பது சாந்தியாகோ வாயில் ஒன்றே. 2006-இல் கோபுரம் கட்டத் தோண்டியபோது பழைய சுவரின் அடித்தளம் வெளிப்பட்டு, மிடல்பர்க் கொத்தளம் மீண்டும் எழுப்பப்பட்டது. 2008-இல் மலாக்கா நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கல்லை மீண்டும் அடுக்கலாம். ஆனால் இடித்தவர்கள் எப்படி இடித்தார்கள், பார்த்த மக்கள் எப்படிக் கலங்கினார்கள் என்பதை எந்தக் கொத்தளமும் சொல்லாது. அதை நமக்குச் சொல்பவர் அப்துல்லாதான்.

மாணவர்களே, நம் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டங்களில் லயன் வீடுகளும் பழைய பள்ளிகளும் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. அவற்றைத் தடுத்து நிறுத்த நம்மால் முடியாமல் போகலாம். அங்கு வாழ்ந்தவர்களிடம் கேட்டு எழுதிவைக்க முடியும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆனால் சொல்பவர்கள் இருக்கும்போதே எழுத வேண்டும்.