எட்டுக் குருவிகளைச் சுட்ட சிறுவன், 'பறவை மனிதர்' ஆனது எப்படி?

சாலிம் அலி 1896-ல் மும்பையில் பிறந்தார். மூன்று வயதிலேயே அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மாமாதான் வளர்த்தார்.

கேத்வாடி வீட்டுக் குதிரை லாயத்தின் சுவர் ஓட்டையில் ஒரு சிட்டுக்குருவிக் கூடு. சுமார் பத்து வயதில், ஒளிந்திருந்து ஆண் குருவியைச் சுட்டார். பெண் குருவி கூட்டை விடவில்லை. உடனே இன்னொரு ஜோடி வந்தது. ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள் காலி. ஆனா, பார்த்ததையெல்லாம் எழுதி வெச்சார் பாருங்க, அங்கேதான் திருப்பம்.

1930-ல் கிஹிம் கிராமத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகளை மாதக்கணக்கில் கவனித்தார். இந்தியப் பறவைகள் பற்றிய அவரது கையேடு 1941-ல் வந்தது. 1976-ல் பத்ம விபூஷண். 1987-ல் மறைந்தார்.

அந்த லாயச் சுவரில் குருவிக்கு ஓர் ஓட்டை இருந்தது. நம்ம அபார்ட்மென்ட் சுவரில் இருக்கா?